சனி, ஞாயிறு டீச்சர் வேலை: சேரலாமா, வேண்டாமா?

தன்னார்வலராகப் போய்ப் பாடம் நடத்தும் திட்டங்களுக்கு இணையத்தில் வரும் விமர்சனங்கள் எல்லாம் ஒரே அச்சு. "மனசு நிறைஞ்சு போச்சு", "சொல்லிக்கொடுத்ததைவிடக் கத்துக்கிட்டதுதான் அதிகம்", ஐந்து நட்சத்திரம், கூடவே பிள்ளைகளோடு ஒரு செல்ஃபி. ஹோட்டலைப் பற்றி எழுதினால் சாப்பிட்டவர் எழுதுவார். இங்கே மட்டும் பரிமாறியவரே எழுதிக்கொள்கிறார், சாப்பிட்ட பிள்ளைக்கு வயிறு நிறைந்ததா என்று யாரும் கேட்பதில்லை. நான் போய்க்கொண்டிருக்கும் வகுப்புக்கு அந்தக் கேள்வியை வைத்துத்தான் மார்க் போடப்போகிறேன். எனக்கு மனநிறைவு கிடைத்ததா என்றால், கிடைத்தது, சரி, அது என் சொந்த விவகாரம், படிக்கிற உங்களுக்கு அதில் ஒரு பயனும் இல்லை.

இது ஓர் அறக்கட்டளை நடத்தும் வார இறுதி வகுப்பு. பெயர் வேண்டாம். குறை சொல்லப்போகிறேன், அதோடு இந்தக் குறைகள் அவர்களிடம் மட்டும் இருப்பவையும் இல்லை. சென்னை ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு ஒன்றின் சமுதாயக் கூடத்தில் நடக்கிறது. சனி, ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம். மூன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் வருகிறார்கள், ஏறக்குறைய எல்லோரும் பக்கத்து அரசுப் பள்ளியில் படிப்பவர்கள். நமக்குச் சம்பளம் கிடையாது, பஸ் காசும் நம்முடையதுதான். ஆண்டு முழுக்க வருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஊரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றுமே சென்னைக்குள் இருந்த குடிசைப் பகுதிகளைக் காலி செய்து, அங்கே இருந்தவர்களைக் கொண்டுவந்து வைத்த இடங்கள். கண்ணகி நகர் 2000 வாக்கில் தொடங்கியது, 15 ஆயிரத்துக்கு மேல் வீடுகள், முதலில் கட்டியவை 200 சதுர அடியைக்கூடத் தொடாது. செம்மஞ்சேரிக்குச் சுனாமிக்குப் பிறகு நிறையக் குடும்பங்கள் வந்தன. பெரும்பாக்கத்தில் எட்டு மாடி பிளாக்குகள், 20 ஆயிரம் வீடுகளுக்கு மேல். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக இங்கே அனுப்பினார்கள், அதுவும் பல தடவை பள்ளி ஆண்டின் நடுவில், டிசம்பர் ஜனவரியில். வீடு மாறிய பிள்ளை சிலது புதுப் பள்ளியில் சேர்ந்தது, சிலது பழைய பள்ளிக்கே பஸ்ஸில் போய்வந்தது, சிலது இரண்டும் இல்லாமல் அந்த ஆண்டை அப்படியே விட்டுவிட்டது. அம்மாக்கள் பலர் இன்னும் பழைய ஏரியாவில்தான் வீட்டு வேலை செய்கிறார்கள். விடியற்காலை கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, தண்ணீர் பிடித்து வைப்பது எல்லாம் மூத்த பெண் பிள்ளை தலையில். சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு பிள்ளை ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது.

அறிமுகக் கூட்டத்தில் போட்டுக்காட்டும் படங்களை நம்பி வராதீர்கள். அதில் பள்ளி என்றால் ஒழுகும் கூரை, வராத வாத்தியார். நான் பார்த்த பள்ளிகளில் அப்படி இல்லை. பாடப்புத்தகம், நோட்டு, சீருடை எல்லாம் இலவசம். மதியம் முட்டையோடு சாப்பாடு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஆசிரியர்கள் நம்மைவிட அதிகம் படித்தவர்கள், முறையாகப் பயிற்சி எடுத்தவர்கள். அங்கே இல்லாதது நேரம். ஒரே அறையில் ஒரு பிள்ளை கதைப் புத்தகம் படிக்கும், பக்கத்துப் பிள்ளைக்கு உயிர்மெய் வராது. இரண்டுக்கும் ஒரே டீச்சர், ஒரே பாடம், முடிக்க வேண்டிய பருவத் தேர்வு வேறு, இடையில் மாணவர் விவரங்களை எமிஸ் என்ற அரசுச் செயலியில் பதிவு செய்யும் வேலை. வீட்டில் நோட்டைத் திறந்து பார்க்க ஆள் இல்லை. இந்த இடைவெளிக்குத்தான் நாம் தேவைப்படுகிறோம். "கவர்ன்மென்ட் டீச்சருங்க ஒண்ணும் சொல்லித்தரதில்ல" என்று பிள்ளைகள் முன்னாலேயே பேசும் தன்னார்வலர்களை முதல் வாரமே வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது என் கட்சி. திங்கட்கிழமை அந்தப் பிள்ளை அந்த டீச்சர் முன்னால்தானே உட்காரப்போகிறது.

சேரும் முறையில் ஒரு நல்ல விஷயம், குழந்தைப் பாதுகாப்பு விதிகளைக் கண்டிப்பாகச் சொன்னார்கள். அடையாளச் சான்று வாங்கினார்கள், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தைப் பற்றி ஒருவர் வந்து விளக்கினார், ஒரு பிள்ளையோடு தனியாக மூடிய அறையில் இருக்கக்கூடாது, சொந்த ஃபோன் நம்பர் கொடுக்கக்கூடாது, குழந்தைகளுக்கான உதவி எண் 1098 சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். இதெல்லாம் எழுத்தில் இருந்தது. நீங்கள் சேரப்போகும் இடத்தில் இதைப் பற்றி யாரும் பேசவே இல்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள், மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

அதன் பிறகு நடந்த பயிற்சிதான் சொதப்பல். நிறுவனர் எப்படி இந்த எண்ணத்துக்கு வந்தார் என்ற கதை, யார் யார் நிதி தருகிறார்கள், டி-ஷர்ட் சைஸ் என்ன, வாட்ஸ்அப் குழுவில் குட் மார்னிங் போடக்கூடாது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித்தருவது என்பதற்கு மிஞ்சியது டீ வருவதற்கு முந்தைய கொஞ்ச நேரம். வந்தவர்களில் பாதிப் பேர் சாஃப்ட்வேர் கம்பெனி, மீதி கல்லூரி மாணவர்கள். எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள், அதுதான் பிரச்சினையே. படிப்பு தானாக வந்தவர்களுக்குப் படிப்பு எங்கே சிக்குகிறது என்று தெரியாது.

எங்கே சிக்குகிறது என்பதை நான் பார்த்த வரை சொல்கிறேன், இது எந்தப் பயிற்சியிலும் வராது. 'கொ' என்று எழுதியிருந்தால் பிள்ளை முதலில் கொம்பைப் பார்த்து 'கெ' என்று சொல்லும், அப்புறம் காலைப் பார்த்து 'கா' என்று சொல்லும், இரண்டையும் சேர்த்து ஒரு வார்த்தை வராமல் நம் முகத்தைப் பார்க்கும். ஒற்றெழுத்தை விழுங்கும், 'பட்டம்' அதற்குப் 'படம்'. கணக்கில் 52இலிருந்து 37ஐக் கழிக்கச் சொன்னால் 25 என்று எழுதும். ஏனென்றால் அது எந்த இலக்கம் பெரியதோ அதிலிருந்து சின்னதைக் கழிக்கிறது, ஐந்தில் மூன்று போனால் இரண்டு, ஏழில் இரண்டு போனால் ஐந்து. கடன் வாங்குவது என்பது அதன் தலையில் இறங்கவே இல்லை. இந்தத் தவறை ஐந்தாம் வகுப்பில் மட்டுமில்லை, ஏழாம் வகுப்பிலும் பார்க்கிறேன். இதே பிள்ளைதான் சாயங்காலம் சித்தியின் மீன் கடையில் நின்று, இருநூறு ரூபாய் நோட்டை வாங்கிக்கொண்டு, நாம் ஃபோனை எடுப்பதற்குள் மீதிச் சில்லறையைக் கையில் வைக்கிறது. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வு செய்து 2025இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். வியாபாரக் கணக்கை மனத்தில் போடும் பிள்ளைகள் அதே கணக்கைப் பள்ளிக்கூட வடிவத்தில் தாளில் கொடுத்தால் திணறினார்கள், பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. அதைப் படித்த பிறகு எங்கள் கூடத்தில் கழித்தலை அட்டையில் செய்த ரூபாய் நோட்டுகளை வைத்து ஆரம்பித்தோம். பத்து ரூபாயைச் சில்லறை மாற்றுவது என்றால் எல்லாருக்கும் தெரியும், கடன் வாங்குவது அதுதான் என்று சொன்னதும் பாதி வகுப்புக்கு விளங்கிவிட்டது. மீதிப் பாதிக்கு இன்னும் பல வாரம் ஆனது.

ஆனால் அறக்கட்டளை எங்களுக்குக் கொடுத்த ஒர்க்‌ஷீட் கட்டில் என்ன இருந்தது? ஐந்தாம் வகுப்புக்கு ஆங்கில இலக்கணம், பின்னம், சூரியக் குடும்பம். வகுப்பு எண்ணை வைத்து ஒர்க்‌ஷீட், அவ்வளவுதான். முதல் நாளே செய்ய வேண்டிய சோதனையைச் செய்யவில்லை. அந்தச் சோதனைக்குக் காசு வேண்டாம், பெரிய அறிவும் வேண்டாம். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005இலிருந்து பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பார்க்க நடத்தும் அசர் கணக்கெடுப்பில் பயன்படுத்தும் தாள் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பக்கத்தில் எழுத்துகள், சொற்கள், ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. கணக்குக்கு இரண்டு இலக்க எண்களை அடையாளம் காண்பது, கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்கத்தால் வகுத்தல். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னால் சில நிமிடத்தில் அது எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். அரசே இதைச் செய்கிறது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிரித்துத்தான் பாடம். பள்ளிக்கூடத்தில் இருப்பதைக்கூடப் பார்க்காமல் பள்ளிக்கு உதவ வந்திருக்கிறோம் என்று நினைத்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது. கேட்டுக் கேட்டு, இந்த ஆண்டு ஜூனில் சோதனை வைத்தார்கள். வகுப்பைக் கலைத்து நிலை வாரியாக உட்காரவைத்த பிறகுதான் கூடத்தில் சத்தம் குறைந்தது. ஆறாம் வகுப்புப் பையனை நான்காம் வகுப்போடு உட்காரவைத்தால் ரோஷப்படுவானே என்று எல்லோரும் பயந்தோம். குழுக்களுக்குக் கிரிக்கெட் டீம் பெயர் வைத்ததும் அந்தப் பிரச்சினை போய்விட்டது, இப்போது சி.எஸ்.கே. குழுவில்தான் சேருவேன் என்று அழுகிற பிரச்சினை.

இந்த வகுப்பில் உண்மையிலேயே ஐந்து நட்சத்திரம் வாங்கும் ஒன்று இருக்கிறது என்றால் அது அங்கேயே குடியிருக்கும் அக்கா. அறக்கட்டளை ஒரு சின்னத் தொகை கொடுத்து அவரை ஒருங்கிணைப்பாளராக வைத்திருக்கிறது. பன்னிரண்டாவது வரை படித்தவர். கொரோனாவுக்குப் பிறகு வந்த, அரசின் சாயங்கால வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவர். காலையில் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பிளாக்கில் மாடி ஏறி இறங்கிப் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிவந்திருப்பார். லிஃப்ட் ஓடாத நாளிலும் அதேதான். எந்தப் பிள்ளை வீட்டில் நேற்று ராத்திரி சண்டை, எது சாப்பிடாமல் வந்திருக்கிறது, எதற்குக் கண்ணாடி வேண்டும், எல்லாம் அவருக்குத் தெரியும். வாரநாளில் சாயங்காலம் ஒரு மணி நேரம் அவரே உட்கார்ந்து படிக்கவைக்கிறார். நாங்கள் வராத வாரமும் வகுப்பு நடக்கும். அவர் வராத வாரம் நாங்கள் எல்லோரும் இருந்தும் நடக்காது. ஒரு தடவை புதிதாக வந்த ஒருவர் அவரைச் சேர் எடுத்துப் போடச் சொல்லி, டீ வாங்கிவரவும் சொன்னார். "இன்னா சார், நான் இன்னா வேலைக்கு இருக்கேன்னு கேட்டுட்டா சொல்றீங்க?" என்றார் அக்கா, சிரித்துக்கொண்டேதான். அவர் டீ வாங்கப் போகவில்லை.

அக்காவைப் பற்றி நான் இவ்வளவு எழுதுவது பாசத்தால் மட்டும் இல்லை, அதற்கு ஆதாரம் இருக்கிறது. 1990களின் நடுவில் மும்பைக் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய அமைப்புதான் பிரதம். அவர்கள் பால்சகி என்று ஒரு திட்டம் நடத்தினார்கள். மும்பை, வதோதரா மாநகராட்சிப் பள்ளிகளில், அதே பகுதியைச் சேர்ந்த, பெரும்பாலும் பத்தாவது வரை படித்த இளம்பெண் ஒருவர், பின்தங்கிய மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் சுமார் 20 பேரைத் தனியாகக் கூட்டிப்போய்த் தினமும் இரண்டு மணி நேரம் அடிப்படையை மட்டும் சொல்லித்தருவார். மாதச் சம்பளம் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் வேறு இருவரோடு சேர்ந்து அதை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள், இருவருக்கும் பின்னால் 2019இல் நோபல் கிடைத்தது. பால்சகி போன பள்ளிகளில் மார்க் தெளிவாக உயர்ந்தது, அதிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்குத்தான் அதிகப் பயன். பெரிய படிப்பு படித்தவர் யாரும் அந்த வகுப்புகளை நடத்தவில்லை. தினமும் வருவது, பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து ஆரம்பிப்பது, இரண்டும் இருந்தன.

நம்மூர்க் கணக்கும் அதையே சொல்கிறது. இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கத்தில் தொடங்கியது. ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், அதே தெருவில் இருக்கும் ஒருவர், மாதம் ₹1,000. பேர் சேர்ந்தது லட்சக்கணக்கில். பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ மூவரும் தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்ததில், கொரோனாவில் விட்டுப்போன படிப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்து ஆறு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது தெரிந்தது, அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இந்தச் சாயங்கால வகுப்புகளால் வந்தது. அது கிராமத்துக் கணக்கு, சென்னைக்கு அப்படியே பொருந்துமா என்பது வேறு விஷயம். ஆயிரம் ரூபாய்க்கு அந்த வேலையை வாங்கியது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை என்றுதான் சொல்வேன்.

இப்போது அந்தக் கணக்கின் எதிரே என்னை வைத்துப் பாருங்கள். நான் போவது வாரத்துக்கு ஒரு தடவை, சனிக்கிழமை மட்டும், இரண்டு மணி நேரம். சனிக்கிழமை சொல்லிக்கொடுத்த 'கொ' அடுத்த சனிக்கிழமைக்குள் பாதி காணாமல் போயிருக்கும். தீபாவளிக்கு இரண்டு வாரம் கிடையாது. நவம்பர் மழையில் கூடத்தில் தண்ணீர் நிற்கும். மார்ச் வந்தால் கம்பெனிக்காரர்களுக்கு அப்ரைசல், கல்லூரிக்காரர்களுக்கு செமஸ்டர், பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை, அதாவது நாங்கள் மிகவும் தேவைப்படும் மாதத்தில்தான் நாங்கள் இருக்க மாட்டோம். ஜூனில் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் கூட்டத்தில் பொங்கல் வரைக்கும் நிற்பவர்கள் ஒரு கை விரல்களுக்குள். ஒரு மிஸ்ஸோடு ஒட்டிக்கொண்ட பிள்ளை, அந்த மிஸ் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால், அடுத்து வருபவரிடம் வாயே திறக்காது. புது மிஸ்ஸைப் பார்த்ததும் "நீங்க எவ்ளோ நாளுக்கு மிஸ்?" என்று கேட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அறக்கட்டளை இதை ஒரு குறையாகவே பார்ப்பதில்லை. ஆண்டறிக்கையில் எத்தனை தன்னார்வலர்கள் வந்தார்கள் என்ற எண்தான் பெரிய எழுத்தில் வரும், ஆள் மாற மாற அந்த எண் ஏறுமே தவிர இறங்காது.

இதற்கு நடுவில் கம்பெனிக் குழுக்களின் ஒரு நாள் விஜயம். சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனியின் சமூகப் பொறுப்பு என்று ஒரு பஸ் வரும், கேக், பலூன், ஒரு சுவரில் பெயிண்ட், குழு ஃபோட்டோ, மதியத்துக்குள் கிளம்பிவிடுவார்கள். அன்றைக்கு வகுப்பு போச்சு. பிள்ளைகளுக்குக் கேக் பிடிக்கும், அதை நான் மறுக்கவில்லை, ஆனால் ஒரே காலாண்டில் மூன்று கம்பெனி வந்தால் அது பள்ளிக்கூடமா பொருட்காட்சியா? ஒரு எட்டாம் வகுப்புப் பெண் ஃபோட்டோ எடுக்கும்போதெல்லாம் பின்னால் போய் நின்றுகொள்வாள். ஏன் என்று அக்காதான் சொன்னார், போன தடவை எடுத்த படம் 'குடிசைப் பகுதிக் குழந்தைகள்' என்ற வரியோடு எங்கேயோ வந்து, ஸ்கூலில் யாரோ அதைக் காட்டிக் கிண்டல் செய்திருக்கிறார்கள். ஏரியா பெயரைச் சொன்னாலே வேலை கிடைக்காது என்று பெரியவர்கள் பயப்படும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. 2025இல் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார். அந்த வாரம் எங்கள் கூடத்தில் கொண்டாட்டம், இங்கிருந்து பஸ்ஸில் போனால் வரும் ஊரின் பெயர் டி.வி.யில் வேறு ஒரு காரணத்துக்காக வந்ததே என்று.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெற்றோர் எல்லோரும் கேட்பது அதுதான், "இங்கிலீஷ் பேசக் கத்துக்கொடுங்க மிஸ்". தன்னார்வலர்களுக்கும் அதுதான் சுலபம், தமிழில் ஒரு பத்தி எழுதச் சொன்னால் தடுமாறுபவர்கள் எங்களில் நிறையப் பேர். தமிழிலேயே வார்த்தை கூட்டத் தெரியாத பிள்ளைக்கு 'மை நேம் இஸ்' என்று மனப்பாடம் செய்யவைத்து ஆண்டு விழாவில் மேடை ஏற்றினால் பெற்றோர் கைதட்டுவார்கள், நன்கொடையாளர் கண்கலங்குவார், பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. தமிழ் படிக்க வந்துவிட்ட பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்தொலிகளைச் சொல்லிக்கொடுத்தது நன்றாகவே வேலை செய்தது. எங்கள் வகுப்பில் தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கு வீட்டில் தெலுங்கு. அவர்களுக்குத் தமிழே இரண்டாம் மொழி என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது, பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

சரி, அப்படியானால் வாரம் ஒரு தடவை வருபவரால் ஒன்றுமே ஆகாதா? ஆகும், ஆனால் நாம் நினைக்கும் இடத்தில் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுத்தருவது தினமும் வரும் அக்காவின் வேலை, அதை அவரிடமே விட்டுவிட வேண்டும், முடிந்தால் அவருக்குச் சம்பளத்தைக் கூட்ட வேண்டும். நாம் அங்கே செய்யக்கூடியது கதை வாசித்துக் காட்டுவது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை வாரியாக இலவசமாக இருக்கின்றன, சென்னையிலேயே தூலிகா பதிப்பகத்தின் படப் புத்தகங்கள் கிடைக்கின்றன. ஒரு புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துக் கூடவே உட்கார்ந்தால் அந்த ஒரு மணி நேரம் வீண் இல்லை.

எட்டாம் வகுப்பிலிருந்துதான் நம்முடைய படிப்புக்கு நிஜமான பயன். எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். தேர்வு என்று ஒன்று இருக்கிறது. தேர்ச்சி பெற்று உதவித்தொகைக்குத் தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு ₹12,000. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருந்தால் எழுதலாம். மனத்திறன் தாள், பாடத் தாள் என்று இரண்டு. மனத்திறன் தாளில் வரும் வரிசைக் கணக்கு, குறியீட்டுக் கணக்கு எல்லாம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு நாம் படித்த அதே சரக்கு, வார இறுதியில் பழக்கிவிட இதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. பத்தாவது கணக்கு, பன்னிரண்டாவது கணிப்பொறி அறிவியல், அதெல்லாம் ஒரு சந்தேகம் தீர்த்தால் அந்த வாரத்துக்கு நிற்கும்.

அதையும்விட மேலே நான் வைப்பது விண்ணப்பம் நிரப்பும் வேலை. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, பொறியியல் கலந்தாய்வுப் பதிவு, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ₹1,000 தரும் புதுமைப் பெண் திட்டம், 2024இலிருந்து பையன்களுக்கும் வந்த தமிழ்ப் புதல்வன், தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. இவ்வளவும் இருக்கின்றன, இவற்றில் எது தனக்கு உரியது என்று அந்த வீட்டில் சொல்ல ஆள் இல்லை. ஆதாரில் ஒரு எழுத்து, மார்க் ஷீட்டில் வேறு எழுத்து, அதற்காக ஒரு அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்தில் நிற்கிறார். போன மே மாதம் எங்களில் சிலர் பாடத்தை நிறுத்திவிட்டு லேப்டாப்போடு கூடத்தில் உட்கார்ந்தோம். அந்த ஆண்டில் நாங்கள் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான் என்று தோன்றுகிறது, ஆனால் அது அறக்கட்டளையின் திட்டத்திலேயே இல்லை, 'வகுப்பு நடக்கவில்லை' என்றுதான் பதிவேட்டில் எழுதினார்கள்.

வேறு வழிகளும் இருக்கின்றன. முழுநேரமாக இரண்டு ஆண்டு கொடுக்க முடிந்தவர்களுக்கு டீச் ஃபார் இந்தியா இருக்கிறது, 2009இல் தொடங்கியது, சென்னையிலும் உண்டு, உதவித்தொகை தருவார்கள், அது வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டிய விஷயம். வார இறுதிக்குச் சென்னையிலேயே 2006இல் தொடங்கிய பூமி போன்ற அமைப்புகள் உண்டு. வீட்டிலிருந்தே இணையவழியில் கிராமப் பள்ளிக்கு வகுப்பெடுக்கும் இவித்யாலோகாவும் இருக்கிறது. இவற்றில் நான் சேர்ந்து பார்த்ததில்லை, அதனால் மார்க் போடவில்லை.

நான் போகும் இடத்துக்கு 5க்கு 3. அக்கா மட்டும் இல்லையென்றால் 1தான், அதுவும் பாதுகாப்பு விதிகளுக்காக. நீங்கள் எங்கே சேருவதாக இருந்தாலும் மூன்று விஷயம் கேட்டுப் பாருங்கள்: பிள்ளைகளின் நிலையை எப்போது சோதித்தீர்கள், போன ஜூனில் சேர்ந்த தன்னார்வலர்களில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள், அந்த ஊரைச் சேர்ந்த யாருக்கு என்ன சம்பளம் தருகிறீர்கள். பதில் சொல்லத் திணறினால் புரிந்துகொள்ளலாம். சேர்ந்தால் ஜூனில் சேருங்கள், ஒரு கல்வியாண்டு முடியும் வரை ஊரை விட்டுப் போகமாட்டோம் என்று தெரிந்தால் மட்டும். அது முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம், என்.எம்.எம்.எஸ். பயிற்சிக்கும் மே மாத விண்ணப்ப வேலைக்கும் சில வாரம் மட்டும் வந்தால்கூடப் போதும், எங்கள் கூடத்தில் அதற்கு இப்போதும் ஆள் பற்றாக்குறைதான். லேப்டாப் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும், பிளக் பாயின்ட் ஒன்றுதான் வேலை செய்கிறது.